விரிசலின் விதி கண்ட வித்தகர்

துணிக் கடைக்குச் செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். கடைக்காரர் வேண்டிய அளவு துணியை அளந்து, அதன் ஓரத்திலே கத்தரிக்கோலால் ஒரு சிறு வெட்டு இடுவார்; பின்னர் வெட்டின் இரு புறத்தையும் பற்றி இழுப்பார். துணி சரேலென்று நேராகக் கிழிந்துவிடும். வெட்டு இல்லாத துணியை அவ்வாறு கிழிக்க மல்லர்க்கும் அரிது. கையின் முழு வலிமையையும் எதிர்த்து நிற்கும் துணி, நெல்லளவு வெட்டுக்குத் தோற்பது ஏன்? துணிக்கு உற்றதே கண்ணாடிக்கும் எஃகுக்கும் உறுகின்றது. பெருங்கப்பல் இரண்டாகப் பிளப்பதும், வானூர்தி நடுவானில் சிதைவதும், எரிவாயு செல்லும் குழாய் காத தூரம் கிழிந்து போவதும் ஒரு சிறு விரிசலிலேயே தொடங்குகின்றன. எந்த விரிசல் ஓடும், எந்த விரிசல் உறங்கிக் கிடக்கும் என்னும் வினாவுக்கு முதன்முதலாகக் கணக்கின் வழியே விடை கண்டவர் ஆலன் ஆர்னால்டு கிரிபித் என்னும் ஆங்கிலப் பொறியியல் அறிஞர் ஆவர்.

கிரிபித் 1893ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். இவர்தம் தந்தையார் ஜார்ஜ் கிரிபித் நெடுங்கதை புனைவதிற் பெயர் பெற்றவர். வானிற் பறக்கும் போர்க்கலங்களைப் பற்றி அவர் எழுதிய புகழ்மிக்க கதை வெளிவந்ததும் மகன் பிறந்த அந்த 1893ஆம் ஆண்டிலேதான். ரைட் உடன்பிறந்தார் விமானத்தில் ஏறிப் பறந்ததோ அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து. தந்தை கற்பனையிலே பறக்கவிட்ட கலங்களுக்கு மகன் பிற்காலத்தில் மெய்யாகவே பொறி வகுத்தார் என்பது வியத்தற்குரியது. ஆனால் அதனைக் காணத் தந்தையார்க்குக் கொடுத்து வைக்கவில்லை. மகனுக்குப் பதின்மூன்று அகவை நிரம்புமுன்னரே, 1906இல், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மான் தீவிலுள்ள டக்ளஸ் நகரிற் பள்ளிப் படிப்பை முடித்த கிரிபித், இலிவர்ப்பூல் பல்கலைக் கழகத்தில் எந்திரப் பொறியியல் பயின்று, 1914இல் முதல் வகுப்பில் தேறினார். அவ்வாண்டே முதல் உலகப் போர் மூண்டது. மறு ஆண்டு, பார்ன்பரோ என்னும் ஊரில் அரசினர் நடத்திய வானூர்தித் தொழிற்சாலையில் அவர் பயிற்சியாளராகச் சேர்ந்தார். போர்க்காலமாதலின் அங்கே அறிஞர் பலர் கூடியிருந்தனர். அவருள் ஒருவரான ஜெப்ரி டெய்லர் என்னும் கணித மேதையோடு இவருக்கு நட்பு ஏற்பட்டது. இருவரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி, கேட்போர்க்கு முதலில் விளையாட்டாகவே தோன்றும்.

வானூர்தியின் உறுப்பொன்று முறுக்கப்படும்போது அதனுள் எவ்விடத்தில் எவ்வளவு விசை தாக்குகிறது என்று கணக்கிடுவது கடினம். உறுப்பின் வடிவம் சிக்கலாக இருந்தால் கணக்குப் போட்டு மாளாது. ஆதலின் அவர்கள் ஒரு தகட்டில் அவ்வடிவத்திலேயே துளை செய்து, அத்துளையின்மீது சோப்புப் படலம் ஒன்றைப் பரப்பி, அதனைச் சிறிதே உப்பச் செய்தனர். படலம் எங்கே செங்குத்தாகச் சரிகின்றதோ அங்கே உறுப்பினுள் விசை மிகுதி; எங்கே படுத்துக் கிடக்கின்றதோ அங்கே விசை குறைவு. ஆயிரம் வரிக் கணக்கு செய்ய வேண்டியதை ஒரு குமிழி செய்து காட்டிற்று! 1917இல் வெளியான இவ்வாராய்ச்சிக்கு எந்திரப் பொறியாளர் கழகம் பொற்பதக்கம் வழங்கியது. உடன் பணி புரிந்தோர் கிரிபித்துக்குச் 'சோப்புக் குமிழி' என்று பட்டப்பெயர் இட்டனர்.

குமிழி காட்டிய உண்மைகளுள் ஒன்று அவர் உள்ளத்தைக் குடைந்துகொண்டே இருந்தது. உறுப்பிலே ஒரு மூலையோ பள்ளமோ கீறலோ இருந்தால் அதன் நுனியில் விசை வந்து குவிகின்றது. கீறல் கூர்மையாக ஆக ஆக விசையும் பன்மடங்காகப் பெருகுகின்றது. சார்லஸ் இங்கிலிஸ் என்னும் அறிஞரும் 1913இல் இதனைக் கணக்கால் நிறுவியிருந்தார். அவ்வாறாயின், மயிரிழை போன்று கூரிய விரிசல் உடைய எப்பொருளும் தொட்டவுடனே உடைந்துவிட வேண்டுமன்றோ? உலகில் விரிசல் இல்லாத பொருள் ஏது? வீட்டுச் சாளரக் கண்ணாடியின்மேல் எத்தனையோ கீறல்கள் கிடக்கின்றன. அது காற்றையும் மழையையும் தாங்கிக்கொண்டு ஆண்டுக் கணக்கில் நிற்கின்றது. இம்முரண்பாட்டைப் பிறர் கண்டும் காணாதவர்போற் சென்றனர். கிரிபித் அங்கேயே நின்றார்.

அவர் விசையை விட்டுவிட்டு ஆற்றலைக் கணக்கெடுத்தார். இதுவே அவர்தம் அறிவின் நுட்பம். வளைத்த வில்லிலே ஆற்றல் அடங்கியிருப்பது போல, இழுக்கப்பட்ட ஒவ்வொரு பொருளிலும் ஆற்றல் அடங்கியிருக்கும். விரிசல் சிறிது நீண்டால் அதன் இரு மருங்கும் தளர்ந்து, அங்கே அடங்கியிருந்த ஆற்றல் வெளிப்படும். இது வரவு. ஆனால் விரிசல் நீள்வதற்குப் பொருளின் நுண்துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, புதிய பரப்புகள் இரண்டு தோன்ற வேண்டும். அதற்கும் ஆற்றல் தேவை. இது செலவு. வரவு செலவை மிஞ்சினால் விரிசல் ஓடும், மிஞ்சாவிடில் நிற்கும். விரிசலின் நீளம் இரு மடங்கானால் செலவும் இரு மடங்காகும். வரவோ நான்கு மடங்காகும். ஆகவே குறுகிய விரிசல் கடன்பட்ட வணிகனைப் போல அடங்கிக் கிடக்கும். ஒரு குறிப்பிட்ட நீளத்தைக் கடந்துவிட்டாலோ, பிறர் உதவியின்றித் தன் வரவைக் கொண்டே அது விரையும். அந்நீளத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கைக் கிரிபித் வகுத்தார். இழுக்கும் விசை இரு மடங்கானால், பொருள் பொறுத்துக்கொள்ளக் கூடிய விரிசலின் நீளம் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பது அக்கணக்கிலிருந்து பெறப்படும்.

கணக்கு மெய்யா என்று ஆராய அவர் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார். மெல்லிய கண்ணாடிக் குழாய்களும் உருண்டைக் குமிழ்களும் செய்து, அவற்றின்மேல் அளந்த நீளத்திற்கு விரிசல் உண்டாக்கினார். பின்னர் அவற்றைச் சூடேற்றி மெல்ல ஆறவைத்து, உள்ளே நீரைச் செலுத்தி, வெடிக்கும்வரை அழுத்தத்தை உயர்த்தினார். நீண்ட விரிசல் உடையவை சிற்றழுத்தத்திலும், குறுகிய விரிசல் உடையவை பேரழுத்தத்திலும் வெடித்தன. வெடித்த அழுத்தங்கள் கணக்கோடு நன்கு பொருந்தின. இக்காலத்துப் பெருங்குழாய்களின் பாதுகாப்பை ஆராய்வோர் செய்யும் சோதனைக்கு இச்சிறு கண்ணாடிக் குழாய்களே முன்னோடி எனலாம்.

அவர் செய்த மற்றொரு சோதனை அதனினும் வியப்புடையது. கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அளந்தார். ஓர் அங்குலத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு பருமன் உடைய கோல், சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 25,000 இராத்தல் தாங்கிற்று. இழை மெலிய மெலிய வலிமை உயர்ந்தது! சிலந்தி இழை போன்ற மெல்லிய இழை, சதுர அங்குலத்துக்கு 4,90,000 இராத்தல் வரை தாங்கிற்று. இன்னும் மெலிதாக இழுக்க முடியுமானால் அது 16 இலட்சம் இராத்தலை எட்டும் என்று அவர் கணித்தார். மெல்லிய இழையிலே பெரிய விரிசலுக்கு இடமில்லை. ஆகவேதான் அது வலிமை பெறுகின்றது. பொருள்களின் இயல்பான வலிமை மிகப் பெரிது; நாம் காண்பது விரிசல்கள் தின்றது போக எஞ்சிய வலிமையே.

1920இல் இம்முடிவுகளை அரசக் கழகத்துக்கு ஒரு கட்டுரையாக அளித்தபோது அவருக்கு அகவை இருபத்தாறு. கணக்கில் இருந்த ஒரு பிழையைத் தாமே கண்டறிந்து, 1924இல் டெல்ப்ட் நகரிற் கூடிய பேரவையில் திருத்தியும் வெளியிட்டார். ஆயினும் அக்காலத்துப் பொறியாளர்கள் அதனை ஏறெடுத்துப் பாரார் ஆயினர். அவர்கள் கையாண்டது எஃகு. எஃகு கண்ணாடியைப் போல் நொறுங்குவதன்று. வளையும், நீளும், பின்னரே அறும். கண்ணாடிக் கணக்கு தமக்கு எற்றுக்கு என்று அவர்கள் ஒதுக்கிவிட்டனர்.

இதற்கிடையில் ஒரு நாள் மாலை, கண்ணாடி உருக்கும் வாயு விளக்கை அணைக்க உதவியாளர் மறந்துவிட்டார். ஆராய்ச்சிக் கூடத்தில் தீப்பற்றியது. விசாரணை நடந்தது. கண்ணாடியோடு பொழுது போக்குவதை நிறுத்திவிட்டுப் பயனுள்ள பணியைச் செய்யுமாறு மேலிடத்திலிருந்து ஆணை பிறந்தது. அவ்வுதவியாளரான பென் லாக்ஸ்பைசர் பிற்காலத்திற் பெரும் பதவிகள் வகித்தவர். இச்செய்தி அவர் வாய்மொழியாகவே பின்னோர்க்குக் கிடைத்தது. ஒரு விளக்கு அணையாமற் போனதால் ஓர் ஆராய்ச்சி அணைந்தது. கிரிபித் வானூர்திப் பொறிகளின் பக்கம் திருப்பப்பட்டார்.

அங்கும் அவர் சிறந்தே விளங்கினார். காற்றை அழுத்தும் சுழலியின் தகடுகள் அக்காலத்தில் சரிவர இயங்கவில்லை. வானூர்தியின் இறக்கையைப் போலவே ஒவ்வொரு தகட்டையும் வளைத்து வடித்தால் அக்குறை நீங்கும் என்று 1926இல் அவர் எழுதிய அறிக்கை காட்டிற்று. இன்று பெரிய பயணி விமானங்களை உந்தும் தாரைப் பொறிகளில், வரிசை வரிசையாகத் தகடுகள் நிற்கும் அமைப்பு அவ்வறிக்கையின் வழிவந்ததே.

ஆயினும் அவர் வாழ்வில் ஒரு நிகழ்ச்சியை மறைத்துக் கூறுதல் முறையன்று. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பிராங்க் விட்டில் என்னும் இருபத்திரண்டு அகவை இளைஞர், தாரைப் பொறி ஒன்றின் திட்டத்தோடு விமான அமைச்சகத்தை நாடினார். அத்திட்டம் கிரிபித்தின் கருத்துக்கு விடப்பட்டது. அவர் கணக்கிலே ஒரு தவற்றைச் சுட்டிக் காட்டி, அது நடைமுறைக்கு ஒவ்வாது என்னும் முடிவைத் தெரிவித்தார். அமைச்சகம் கைவிட்டது. விட்டில் பின்னர்ப் பணமின்றி அல்லலுற்று, 1937இல் தம் பொறியை ஓட்டிக் காட்டினார்; 1941இல் அது விமானத்தை வானில் ஏற்றியது. தம் கண்டுபிடிப்பைப் பிறர் புறக்கணித்த துன்பத்தை அறிந்தவரே மற்றோர் இளைஞரின் கண்டுபிடிப்பை உரியவாறு மதியாது விட்டார். அறிவிற் பெரியோரிடத்தும் இத்தகைய குறை உண்டாவது இயல்பு.

1939இல் கிரிபித் அரசுப் பணியை விட்டு ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்திற் சேர்ந்தார். தனித்திருந்து எண்ணுவதே அவர்க்கு உவப்பு. அந்நிறுவனம் அதற்கு இடமளித்தது. 1941இல் அரசக் கழக உறுப்பினரானார். நிலத்திலிருந்து நேரே மேலெழும் வானூர்தியைப் பற்றிய அவர்தம் கருத்திலிருந்து பிறந்த, இறக்கையற்ற சோதனைக் கலம் ஒன்று 1954ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தளையின்றி வானில் எழுந்தது. அதன் தோற்றம் கண்டு மக்கள் அதனைப் 'பறக்கும் கட்டில்' என்றனர்.

கிரிபித் பொறிகளில் மூழ்கியிருந்த அவ்வாண்டுகளிலே, அவர் கைவிட நேர்ந்த விரிசல் உலகத்தை அச்சுறுத்தத் தொடங்கியது. 1943ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் அமெரிக்க நாட்டுப் போர்ட்லாந்து துறைமுகத்தில் 'செனெக்டடி' என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் கட்டப்பட்டு நின்றது. புயல் இல்லை, அலையும் இல்லை. திடீரெனப் பேரொலி கேட்டது. கப்பல் நடுவே பிளந்து முதுகொடிந்து கிடந்தது. இவ்வாறே போர்க்காலத்தில் விரைந்து கட்டிய கப்பல்கள் பலவும் பிளந்தன. முற்காலத்துக் கப்பல்கள் தகடு தகடாக ஆணி அறைந்து இணைக்கப்பட்டவை. ஒரு தகட்டில் ஓடிய விரிசல் அதன் விளிம்பிலே நின்றுவிடும். புதியவையோ பற்றவைத்து ஒரே உடலாக்கப்பட்டவை. விரிசலுக்கு நிற்க இடமே இல்லை. குளிர் மிகுந்தபோது அக்கப்பல்களின் எஃகு கண்ணாடியைப் போலவே நொறுங்கும் இயல்பு பெறுகின்றது என்பதைக் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்னும் அம்மையார் ஆராய்ந்து விளக்கினார்.

எஃகுக்குக் கண்ணாடிக் கணக்கு எற்றுக்கு என்று கேட்டவர்களுக்கு அப்போது விடை கிடைத்தது. அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்திலிருந்த ஜார்ஜ் இர்வின் என்பார் கிரிபித்தின் கட்டுரையை மீண்டும் கையிலெடுத்தார். எஃகிலே விரிசல் ஓடும்போது அதன் நுனியைச் சூழ்ந்த உலோகம் நெகிழ்ந்து உருமாறுகின்றது. அதற்காகும் ஆற்றல், புதிய பரப்பைத் தோற்றுவிக்கும் ஆற்றலைவிடப் பல்லாயிர மடங்கு பெரிது. இச்செலவையும் கணக்கிற் சேர்த்தால் கிரிபித்தின் விதி எஃகுக்கும் பொருந்தும் என்று அவர் நிறுவினார். விரிசல் நீளும்போது வெளிப்படும் ஆற்றலைக் குறிக்க அவர் வழங்கிய எழுத்து 'ஜி'. அது கிரிபித்தின் பெயரின் முதலெழுத்து.

1954இல் 'காமட்' என்னும் பயணி விமானங்கள் இரண்டு நடுவானிற் சிதைந்து கடலில் வீழ்ந்தன. காரணம் காணும் பணி பார்ன்பரோவுக்கே வந்தது. அங்கே ஒரு விமானத்தின் உடலை நீர்த் தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே நீரழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். சாளரம் போன்ற திறப்பின் மூலையிலே தோன்றும் சிறு விரிசல் மெல்ல வளர்ந்து, எல்லை கடந்தவுடன் உடலைக் கிழிப்பது புலப்பட்டது. காற்றை விடுத்து நீரை நிரப்பியது ஏன் எனின், அழுத்திய காற்று பெரும் ஆற்றலைத் தன்னுள் அடக்கியிருக்கும். உடல் பிளந்தால் வெடிகுண்டு போல் வெடிக்கும். நீர் அவ்வளவு ஆற்றலை அடக்காது. கிரிபித் தம் கண்ணாடிக் குமிழ்களில் நிரப்பியதும் நீரே.

1960இல் ஓய்வு பெற்ற கிரிபித், 1963ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் மறைந்தார். அவர் ஓய்வு பெற்ற அவ்வாண்டிலேதான் அமெரிக்காவில், முப்பது அங்குல விட்டமுள்ள ஒரு பெருங்குழாயை வாயு நிரப்பிச் சோதித்தபோது, அதில் எழுந்த விரிசல் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தூரம் ஓடியது. நீர் நிரப்பிச் சோதிக்கும் குழாயில் வெடிப்பு உண்டானால் சிறிது தூரத்திலேயே நின்றுவிடும். வாயு நிரப்பிய குழாயில் அது கிலோமீட்டர் கணக்கில் ஓடுவது எவ்வாறு?

இங்கே இரண்டு ஓட்டங்களுக்கு இடையே ஒரு பந்தயம் நடைபெறுகின்றது. குழாய் பிளந்தவுடன் வாயு வெளியேறும். அழுத்தம் குறைந்துவிட்டது என்னும் செய்தி, குழாயின் உள்ளே ஒரு அலையாகப் பரவும். எரிவாயுவில் அவ்வலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர். நொறுங்கும் இயல்புடைய எஃகில் ஓடும் விரிசலோ இதனினும் விரைவானது. ஆகவே அழுத்தம் குறைந்த செய்தி விரிசலின் நுனியை எட்டுவதே இல்லை. அது முழு அழுத்தமும் தங்கிய புதுப் புது இடங்களையே கிழித்துக்கொண்டு முன் செல்கின்றது. உறுதியோடு நெகிழ்வும் உடைய எஃகில் விரிசல் நொடிக்கு 100 முதல் 300 மீட்டரே ஓட வல்லது. அலை அதனை முந்திவிடும், நுனியில் அழுத்தம் தாழும், வரவு குறைந்து செலவு மேலோங்கும், விரிசல் நின்றுவிடும். நீரில் அழுத்தம் குறையும் அலை நொடிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விரைவதால், நீர் நிரப்பிய குழாயில் விரிசல் எப்போதும் தோற்கும்.

அமெரிக்காவின் பாட்டெல் ஆராய்ச்சி நிலையத்தார் இப்பந்தயத்தை நேரிற் கண்டளக்க முற்பட்டனர். மெய்யான குழாய்களில் வாயு நிரப்பி, வெடிமருந்தால் ஒரு பிளவை உண்டாக்கி, அது ஓடும் வழியெல்லாம் குழாயின்மேல் ஒட்டிய கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறும் நேரத்தைக் குறித்து வேகம் கண்டனர். எஃகுத் துண்டிலே சிறு வெட்டு இட்டு, பெரும் பாரத்தை வீழ்த்தி உடைத்துப் பார்க்கும் முறையையும் வகுத்தனர். உடைந்த முகம் மணிமணியாக மின்னினால் அவ்வெஃகு நொறுங்கும் தன்மையது. மங்கி நாராகத் தோன்றினால் நெகிழும் தன்மையது. குழாய் பயன்படவிருக்கும் இடத்தின் கடுங்குளிரிலும் அம்முகத்தில் நூற்றுக்கு 85 பங்கேனும் நாராக இருத்தல் வேண்டும் என்பது குழாய் எஃகுக்கு வகுத்த அளவு.

எஃகு நன்றாயினும் வாயு இடர் செய்வதுண்டு. எரிவாயுவில் ஈத்தேன், புரொப்பேன் முதலிய கனத்த வாயுக்கள் மிகுதியாகக் கலந்திருந்தால், அழுத்தம் தாழும்போது அவற்றுள் ஒரு பகுதி நீர்மமாகும். அப்போது அழுத்தம் மேலும் தாழாமல் ஓரளவிலேயே தங்கும்; விரிசலுக்கு அதுவே உணவாகும். இத்தகைய இடங்களில் எஃகின் தன்மையை மட்டும் நம்பியிராமல், குழாயை இடையிடையே தடித்த சுவருடையதாக அமைப்பர்; அல்லது வலிய வளையங்களை இறுக அணிவிப்பர். மூங்கிலைப் பிளப்போர், பிளவு கணுவுக்குக் கணு தடைப்படுவதைக் கண்டிருப்பர். குழாயின் வளையங்களும் கணுக்களைப் போன்றவையே. விரைந்து வரும் விரிசல் அங்கே தன் நேர்வழியை இழந்து, பக்கவாட்டில் திரும்பி, குழாயைச் சுற்றி வளைந்து, அவ்விடத்திலேயே அடங்கிவிடுகின்றது.